கீறல் விழாத வெள்ளைக் கார்

திருநெல்வேலியில் ஒரு கார் ஷோரூம். ஓய்வுபெற்ற டீச்சர் வடிவாம்பாள் முதன்முதலாகப் புதுக் கார் வாங்க வந்திருந்தார். மேனேஜர் தனஞ்செயன் அவரை விடுவதாக இல்லை.

"பெயின்ட் மேல செராமிக் கோட்டிங் போட்டே ஆகணும் மேடம். நாற்பதாயிரம்தான். அப்புறம் ஆணியால இழுத்தாலும் கீறல் விழாது."

டீச்சர் தன் டிரைவர் இசக்கியைப் பார்த்தார்.

"பளபளப்பு நிக்கும் டீச்சர், அழுக்கும் லேசுல ஒட்டாது. ஆனா கீறல் விழத்தான் செய்யும்," என்றான் அவன்.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "வண்டி ஓட்டுறவனுக்கு பெயின்ட்டைப் பத்தி என்ன தெரியும்? கீறல் விழும்னு இப்பவே நிரூபி. நிரூபிச்சிட்டா மேடத்துக்குக் கோட்டிங் இலவசம்."

"சரி சார். கோட்டிங் போட்ட வண்டி இங்க எது?"

"வாசல்ல நிக்குற என் வெள்ளைக் கார். போன மாசம்தான் போட்டேன்."

இசக்கி பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் காரிடம் போனான். சாவியின் முனை பானட்டைத் தொடப்போகும் நேரம், மேனேஜர் ஓடிவந்து குறுக்கே விழுந்தார்.

"யோவ், கீறல் விழுந்திரும்யா."

"அதைத்தான் சார் நானும் சொன்னேன்," என்றான் இசக்கி.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேனேஜரிடம் கேட்டார்: "அப்போ கோட்டிங்கை என்னைக்குப் போட்டுத் தருவீங்க?"