மாசிலாமணியின் குதிர்

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம். வயலில் உழைக்கும் சீடர்கள், கூலியாகக் கிடைக்கும் அரிசியில் தினமும் ஒரு பிடியைப் பொதுக் குதிரில் போடுவார்கள். உழைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களுக்கு அதிலிருந்துதான் கஞ்சி.

அந்த வருஷம் உட்கார்ந்தவர்கள் கூடிப்போனார்கள், பிடி போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். குதிரின் அடி தெரிந்தது.

சீடர்களில் மூத்த மாசிலாமணி எதையும் மறக்கிற மனுஷர் அல்ல. கூட்டாளி வீரபாகு போய்ச் சேர்ந்ததை அவர் மறக்கவில்லை. ஆயுசெல்லாம் பிடி போட்டவன், ஒரு வாய்க் கஞ்சி குடிக்காமல் கட்டையில் போனான். சடையப்பரோ பல்லெல்லாம் கொட்டிய பிறகும் வேளாவேளைக்கு முதல் ஆளாகச் சட்டியோடு வந்து நிற்கிறார். அதையும் அவர் மறக்கவில்லை.

குரு பூரணத்தம்மை அவரைவிட வயதில் சின்னவர். கொட்டகையில் களிமண் மிதித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி நேரே போய் நின்றார்.

"தாயே, இனி என் பிடி எனக்குத்தான். தனிக் குதிர் வேணும். அவனவன் கிழத்தனம் அவனவன் பாடு."

"நல்ல யோசனை. நானே கட்டித் தாரேன்," என்றார் அம்மை.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

குதிர் கட்டுவதற்கான வளையங்கள், காய்ந்த மண் உறைகள், சுவரோரம் அடுக்கியிருந்தன. அம்மை ஒன்றை உருட்டி வந்து முற்றத்தில் வைத்தார்.

"ஒரு உறை நிறைஞ்சா சில வருஷக் கஞ்சி. எது வரைக்கும் இருப்பீங்களோ அது வரைக்கும் அடுக்குவோம். போதும்னா சொல்லுங்க."

இரண்டாவது உறை ஏறியது. மூன்றாவது ஏறியது.

"போதுமா?"

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"சொல்லிராதே தம்பி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சடையப்பர், கையில் சட்டியோடு. "எமன் காதுல விழுந்திரப் போகுது!"

மாசிலாமணி வாயை மூடிக்கொண்டார். கூடியிருந்த சீடர்கள் சிரித்தார்கள்.

"இன்னும் ஒண்ணு வைங்க தாயே," என்றார் மெதுவாக. அப்புறம், "எதுக்கும் இன்னொண்ணு."

ஏணி வந்தது. சீடர்கள் கைமாற்றிக் கைமாற்றி உறையை ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல். கொட்டகையில் உறை தீர்ந்தபோது குதிர் ஓட்டுக்கூரைக்கு மேல் தலை நீட்டி நின்றது.

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார்.

"இதை நிரப்பணும்னா சாகுற வரைக்கும் நான் பட்டினி கிடக்கணுமே!"

"சின்னதாக் கட்டலாமே?"

"எப்போ சாவேன்னு தெரிஞ்சாத்தானே, தாயே?"

"எனக்கும் அது தெரியாமத்தான் தினமும் சட்டியத் தூக்கிட்டு வாரேன்," என்றார் சடையப்பர்.

மாசிலாமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுக்காகப் பொதுக் குதிர்ல அடி தெரியலேன்னு ஆயிருமா?"

"தெரியுது. பிடி பெருக்கணும். முடிஞ்சவங்க இன்னும் கொஞ்ச நாள் எழுந்து நடமாடணும்." அம்மை சடையப்பரைப் பார்த்தார். "களத்துல நெல் காயுது. காக்கா விரட்ட ஆள் இல்லையாம்."

"காக்கா விரட்டப் பல்லு வேணுமா என்ன?" சடையப்பர் சட்டியை மாசிலாமணி கையில் திணித்தார். "பத்திரம் தம்பி. வந்து கேப்பேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்கு நடந்தார்.

மாசிலாமணி சட்டியோடு நின்றார். சிரிப்பு அடங்கி எல்லாரும் கலைந்த பிறகும் நின்றார்.

"இன்னும் என்ன?"

"எல்லாம் சரி தாயே. வீரபாகு போட்டானே அத்தனை பிடி. அது எங்கே போச்சு?"

களத்திலிருந்து ஒரு பொக்கைவாய்க் கூச்சல் எழுந்தது. காக்கைக் கூட்டம் மொத்தமும் சிதறிப் பறந்தது.

அம்மை அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதோ, காக்கா விரட்டுது."