ஜமீன்தார் பிடித்த கயிறு

நாகலூர் ஜமீன்தாரின் கண்ணில் பட்ட ஆடு வீடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. அது தெரிந்தும், பரிசு ஆசை விடாமல், ஒச்சாயி தன் ஆடுகளை அம்மன் கோயில் திடலில் நடந்த ஆட்டுப் போட்டிக்கு ஓட்டி வந்தாள். அவளுடைய கருப்புக் கிடாய்க்கு முதல் பரிசு என்று தண்டோரா போட்டதுமே ஜமீன்தார் வந்து அதன் கயிற்றைப் பிடித்தார்.

"இது என் பட்டியில களவு போன கிடாய். இல்லைன்னு சொல்ல எவனாவது இருக்கானா?"

அவருக்குப் பின்னால் தடியாட்கள் நின்றார்கள். ஊரே தரையைப் பார்த்தது.

"சாட்சி இல்லையா? திருடியைக் கம்பத்துல கட்டுங்கடா!"

ஒச்சாயி கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"உங்க கிடாய்னா நீங்களே ஓட்டிட்டுப் போங்க, மகாராஜா. ஆனா இது அம்மனுக்கு நேர்ந்த கிடாய். இதுக்கு உடையவங்க இந்தத் திருவிழாவுல பூக்குழி இறங்கி நெருப்பு மிதிக்கணும்."

அன்று பூக்குழி இறங்குகிறவர்களுக்குக் காப்புக் கட்டும் நாள். பூசாரி மஞ்சள் கயிற்றோடு ஓடி வந்து, "கையை நீட்டுங்க மகாராஜா" என்றார்.

பக்கத்தில் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்த குழியை ஜமீன்தார் எட்டிப் பார்த்தார்.

"என் கிடாய்க்குக் கொம்பு வேற மாதிரி இருக்கும்" என்று கயிற்றை விட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

பூசாரி அவள் பக்கம் குனிந்தார். "எனக்குத் தெரியாம எப்போ நேர்ந்தே, ஒச்சாயி?"

"அவர் கயித்தைப் பிடிச்சாரே, அப்பத்தான் சாமி."

சொல்லிவிட்டுக் காப்புக்குத் தன் கையை நீட்டினாள்.