இலைக்குள் ஒரு சேதி

ஆசிரமத்துச் சமையற்கட்டில் பேசக்கூடாது என்று யாரும் விதி வைக்கவில்லை. சிவபாக்கியம் தானாகவே வைத்துக்கொண்டாள். வாய் திறக்காமல் சமைப்பதுதான் தவம் என்று நினைத்திருந்தாள்.

அன்று மூன்றாம் பந்திக்கும் ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள். சோற்றுப்பானையில் அடி தெரிந்தது. அடுப்படியில் அவள் ஒருத்தி. கையில் பிடித்த கரண்டியோடு நேரே குருவிடம் போய் நின்றாள்.

குரு நிறைமதி அவளைவிட வயதில் இளைய பெண்மணி. பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நான் ஊருக்குக் கிளம்புறேன்."

"கரண்டியோடவா அக்கா?"

"சிரிக்காதீங்க. எல்லாம் அறிஞ்சவங்கன்னு ஊரே சொல்லுது. நான் அங்கே வெந்து சாகுறது மட்டும் தெரியலையா?"

குரு ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அறைகள் இருக்கு. அறைக்குள்ள பச்சைப் பச்சையா மணிகள். பசுங்கணிகம்னு பேரு. வெயிலை வாங்கி மரத்துக்கே சோறாக்குறது அதுங்கதான்."

"என்னை மாதிரி."

"உங்களை மாதிரியேதான். ஆதியில அதுவும் தனியா வாழ்ந்த உயிர். வந்த இடத்துல தங்கிடுச்சு. அந்த அறையிலேயே உட்கருன்னு ஒருத்தர். மணிக்கு வேண்டிய சாமான் முக்கால்வாசி அவர் உத்தரவுலதான் வரும்."

"உத்தரவு போட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பாராக்கும்."

"ஆமா. உச்சி வெயில் ஏறினா மணிக்குத் தாங்காது. உடனே அவருக்குச் சேதி அனுப்பும். அவர் உத்தரவை மாத்துவார். மணியைக் காப்பாத்த வேண்டியது வந்து சேரும்."

"சேதி அனுப்பாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா?"

"இலை கருகும்."

சிவபாக்கியம் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள்.

"சோறு தீர்ந்துபோச்சு! எனக்குக் கை ரெண்டுதான்! சாப்பிட்டவங்க எல்லாரும் உள்ளே வாங்க!"

அவள் குரல் இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. ஒருவர் அரிசி களைந்தார். வக்கீல் ஒருவர் வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டார். ரசத்தில் இரண்டு பேர் உப்புப் போட்டார்கள். அவள் இருவரையும் திட்டினாள். அடுப்படியே சிரித்தது.

கடைசிப் பந்தியில் குரு உட்கார்ந்தார். சிவபாக்கியம் பரிமாறிக்கொண்டே குனிந்து கேட்டாள்.

"நிசமாச் சொல்லுங்கம்மா. நான் தவிச்சது இத்தனை நாளும் தெரிஞ்சுதானே சும்மா இருந்தீங்க?"

குரு உப்பு ரசத்தை ஒரு வாய் குடித்தார்.

"தெரியாது அக்கா. நான் நிழல்ல இருக்கேன்."