அணைக்கக் கூடாத கேமரா

கவனமாகக் கேட்டுக்கொண்டே வாருங்கள். கதை முடிகிற இடத்தில் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். யோசிக்காமல் விடையை எட்டிப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து இணையவழி விவாதப் போட்டி நடத்தும் பொறுப்பை மரகதவல்லி டீச்சர் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு பிள்ளை வீட்டில் மின்சாரம் போகும், இன்னொரு வீட்டில் சரியாக அந்த நேரம் பார்த்து மிக்ஸி ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்று டீச்சர் கறாராக ஒரு விதி வைத்தார். பேசும்போது கேமரா அணைந்தால் அந்தப் பேச்சு செல்லாது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் மைக் எல்லாம் மூடியிருக்கும். அதைத் திறக்கும் பொத்தான் டீச்சர் கையில்.

இறுதிச் சுற்றின் தலைப்பு 'பிள்ளைகளை அடித்து வளர்க்க வேண்டுமா?' சீட்டுக் குலுக்கியதில், பத்தாம் வகுப்பு சிவநந்தினிக்கு 'வேண்டும்' என்று பேசும் பக்கம் விழுந்தது. அதைக் கேட்டதும் அவள் சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று டீச்சர் அப்போது யோசிக்கவில்லை.

அவள் அப்பா தங்கப்பாண்டி மர அறுவை மில் வைத்திருப்பவர். பெற்றோர் சங்கத் தலைவர். சின்னப் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. கடும் வெயிலிலும் அந்த வீட்டு ஜன்னல்கள் சில நேரம் படபடவென்று மூடிக்கொள்ளும். அதைத் தெருவில் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை.

போட்டி தொடங்குமுன் நந்தினி டீச்சரிடம் தனியாகப் பேசினாள். "அப்பா போன்லருந்துதான் வாரேன் டீச்சர். என்ன நடந்தாலும் என் கேமராவ மட்டும் அணைச்சிராதீங்க. சத்தியம் பண்ணுங்க." பாவம், விதிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து டீச்சரும் சத்தியம் செய்தார்.

பள்ளியின் கணினி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர், கணினி ஆசிரியர் ஜெரால்டு, நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பொன்னம்பலம். திரையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகளும் பெற்றோரும். நந்தினி தடுமாறாமல் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. மறந்து வைத்த போனைத் தேடி மில்லிலிருந்து அப்பா திரும்பியிருந்தார்.

அவர் முதலில் ஜன்னலை அடைத்தார். அப்புறம்தான் இடுப்பு பெல்ட்டை உருவினார்.

"யாரக் கேட்டுட்டி என் போன எடுத்த? படம் பாக்கியோ?"

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது கன்னத்தைக் கிழித்தது. முடியைப் பிடித்து அவள் தலையை மேசையில் மோதினார், திரும்பவும் மோதினார். போன் சரிந்து கூரையைக் காட்டியது. ரத்தம் பட்ட ஒரு கை வந்து அதை எடுத்து மறுபடி நிமிர்த்தி வைத்தது. இந்த நிலையிலும் ஜெயிக்க நினைக்கிறாளே என்றுதான் டீச்சர் நினைத்தார்.

ஜெரால்டு சார் தாமதிக்கவில்லை. நந்தினியைக் கூட்டத்திலிருந்து எடுத்து வெளியே காத்திருப்போர் பகுதிக்குத் தள்ளினார். அவள் படம் எல்லார் திரையிலிருந்தும் மறைந்தது. "பொம்பளப்பிள்ள அடி வாங்குறத ஊரே பாக்கணுமா டீச்சர்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பொன்னம்பலம் ஐயா தங்கப்பாண்டி வீட்டு லேண்ட்லைனுக்கே போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது. குரலோ தேனாக வந்தது. "வணக்கங்கய்யா. பிள்ளையா? உள்ள படிச்சிட்டிருக்காய்யா." பார்த்ததைச் சொல்லாமல், ஐயா நயமாக நாலு நல்ல வார்த்தை சொன்னார். அவரும் பணிவாகக் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். இனி அடிக்க மாட்டார் என்று ஐயா சொன்னார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. நந்தினியை மறுபடி உள்ளே சேர்த்தார். அவள் நிமிர்த்தி வைத்த செல்போன் அப்படியே நின்றிருந்தது. இப்போது பெல்ட்டின் பக்கிள் முனை அவள் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் எல்லார் மைக்கையும் திறந்து, "சத்தம் போடுங்க பிள்ளைகளா" என்றார்.

"அடிக்காதீங்க! பாத்துட்டிருக்கோம்!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தங்கப்பாண்டி திரும்பினார். போனுக்குள் அத்தனை முகங்கள். பெல்ட் கையிலிருந்து நழுவியது. அதே தெருவில் இருந்த ஒரு மாணவியின் அம்மா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். குழந்தைகள் உதவி எண்ணுக்கு டீச்சர் தகவல் சொன்னார். நந்தினி இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள்.

ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். மாலைக்குள் ஊரிலுள்ள எல்லாக் குழுக்களிலும் அது சுற்றியது. வெகுநாள் அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. இதற்குத்தான் மறைத்தேன் என்றார் ஜெரால்டு சார். பேசியே தீர்த்திருக்கலாம் என்றார் ஐயா. டீச்சர் வீட்டுக்குப் போய் அழுதார்.

மூன்று பேருமே அவளுக்கு நல்லது நினைத்தவர்கள்தான். ஒருவர் மறைத்தார், ஒருவர் பேசினார், ஒருவர் எல்லாருக்கும் காட்டினார். இதில் யார் செய்தது சரி?

விடை: டீச்சர் செய்ததே சரி. தங்கப்பாண்டிக்குக் கோபம் கண்ணை மறைக்கவில்லை. ஜன்னலை அடைக்கவும், போனில் 'அய்யா' போடவும் அவருக்கு நிதானம் இருந்தது. காதில் விழுவதை அவர் சமாளித்துவிடுவார், கண்ணில் படுவதை முடியாது. மகளுக்கு இது முன்பே தெரியும். அதனால்தான் சத்தியம் கேட்டாள், அடிக்கு நடுவிலும் போனை நிமிர்த்தினாள். ஜெயிப்பதற்காக இல்லை. அவர் அடைக்க மறந்த ஒரே ஜன்னல் அந்தப் போன். அதை நல்ல மனசோடு அடைத்துக் கொடுத்தவர் ஜெரால்டு சார். பதிவு செய்து பரப்பிய பாவம் அதைச் செய்தவனுடையது, டீச்சருடையது அல்ல. கோப்பை எதிர்ப்பக்கம் பேசிய மாணவனுக்குப் போனது. பாதியில் நின்ற பேச்சை முடிக்க விருப்பமா என்று டீச்சர் சித்தி வீட்டுக்கே போய்க் கேட்டார். நந்தினி தையல் போட்ட கன்னத்தோடு மறுபடி அதே சிரிப்பைச் சிரித்தாள். "என் பக்கம் தோத்துட்டு டீச்சர். எல்லாரும் பாத்துட்டாங்கல்லா."