சொத்தைக் கத்தரிக்காய் மாலை

மலையடிவாரத்தில் கதை எழுதக் கற்றுத்தரும் மடம் ஒன்று இருந்தது. வருஷம் முழுக்க அங்கே நல்ல கதைக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் மட்டும் எல்லாம் தலைகீழ். அன்றைக்கு வேண்டுமென்றே மட்டமாக எழுத வேண்டும். பெயர் போடாமல் சுருட்டிப் பானையில் போட்டுவிட்டால், குரு சிரிக்காமல் படிப்பார். அதிகச் சிரிப்பை வாங்கிய கதைக்குச் சொத்தைக் கத்தரிக்காய் மாலை.

தேனப்பனும் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒன்றைக் கிறுக்கிவிட்டு, அவசரமாகச் சுருளைப் போட்டிருந்தான். அவன் தலையணைக்கு அடியில் எப்போதும் இன்னொரு சுருள் இருக்கும். செத்துப்போன தகப்பனைப் பற்றி மூன்று வருஷமாக இழைத்து இழைத்து எழுதியது. மறுநாள் அதைக் குருவிடம் காட்ட வேண்டும், 'நீ எழுத்தாளன்தான், போய் வா' என்று அவர் வாயால் கேட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும். வேறு ஆசை அவனுக்குக் கிடையாது.

குரு ஒரு சுருளைப் பிரித்தார்.

"தந்தை கண் மூடினார். ஏழு கடலும் எழுந்து நின்று அழுதன. நிலா தன் நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டது..."

கூடமே அதிர்ந்தது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். தேனப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவசரத்தில் சுருளை மாற்றிப் போட்டிருக்கிறான். குரு கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

எழுதியது யார் என்று கேட்டார்கள். எப்படியோ எழுந்து நின்றான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். மாலை விழுந்தது, கைதட்டினார்கள், கலைந்து போனார்கள்.

தேனப்பன் மட்டும் குருவின் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, அது போட்டிக்கு எழுதினது இல்லை. அதுதான் என் நிஜக் கதை."

குருவே ஆடிப்போய்விட்டார். அப்படியானால் போட்டிக்கு என்னதான் எழுதினாய் என்று கேட்டார்.

அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எங்கப்பா கட்டில்ல கிடந்தாரு. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். 'தொட்டி வழியுது, போய் மோட்டாரை நிறுத்துடா'ன்னாரு. அதோட போயிட்டாரு. உப்புச் சப்பில்லாத சாவு. யார் கேட்டாலும் சிரிப்பாங்கன்னு நடந்ததை அப்படியே எழுதினேன்."

குரு எழுந்து வந்தார். அவன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அவனை உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைத் தேனப்பன் அப்போதுதான் பார்த்தான்.

"அப்புறம் மோட்டாரை யாருப்பா நிறுத்துனது?"