பெட்டிக்குப் பிடிக்காதவர்கள்

ஊட்டியில் துரைமார்களின் கிளப்பைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வல்லாளபுரம் ராஜா கண்டீரவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாமும் பதினொரு பிரமுகர்களுமாக ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார். துரைமார் வைத்திருந்தது போலவே ஒரு தேக்குப் பெட்டியும் வந்தது. புதிதாக ஒருவர் சேர மனுப் போட்டால், அங்கத்தினர் ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கையை விட்டு ஓர் உருண்டை போடுவார். வேண்டுமென்றால் வெள்ளை, வேண்டாமென்றால் கறுப்பு. யார் எதைப் போட்டார் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் வந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான்.

ஆஸ்தான விகடர் திருமேனி ஆறு முறை மனுப் போட்டார். ஆறு முறையும் கறுப்பு. ஒவ்வொரு முறையும் திவான் செங்கமலராயர் அவர் தோளைத் தட்டி, "எங்களுக்கெல்லாம் உம்மை ரொம்பப் பிடிக்கும். பெட்டிதான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது" என்பார்.

ராஜாவுக்கே சலித்துவிட்டது. பெரிய மனிதர்களுக்கு ஆகாதவர் நம் சபையில் எதற்கு, ஏழாவது முறையும் கறுப்பு விழுந்தால் உத்தியோகமும் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

திருமேனி ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். பெட்டிக்குத் தன்னை மட்டும்தான் ஆகாதா என்று தெரிய வேண்டும். தன் மனுவுக்கு முன்னால் எல்லா அங்கத்தினர் பெயருக்கும் அதே பெட்டியில் உருண்டை போட்டுப் பார்க்க வேண்டும்.

"அதில் கறுப்பு விழுந்தால்?" என்றார் ராஜா.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே, மகாராஜா."

ராஜா மீசையை முறுக்கி, முதலில் தம் பெயரையே எடுக்கச் சொன்னார். திவானுக்கு முகம் செத்துவிட்டது. மறுத்தால் கறுப்புப் போடுகிறவர் தாம்தான் என்று சந்தேகம் வருமே என்று தலையை ஆட்டினார்.

பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு சுற்று. விழுந்த உருண்டைகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் மூடி வைத்து, கடைசியில் திறந்தார்கள். கறுப்பு விழாதவர் ஒருவரும் இல்லை. திவானுக்கு ஒன்பது கறுப்பு. ராஜாவுக்கு மூன்று.

"யார் அந்த மூன்று பேர்?" என்று ராஜா கர்ஜித்தார். பதினொரு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கிளப்பில் இப்போது யாரும் இல்லை. என் மனுவை எடுக்கலாமா?" என்றார் திருமேனி. உருண்டை போட ஆளில்லை. பெட்டியைத் திறந்தால் காலி. கறுப்பு இல்லை, ஆகவே திருமேனி அங்கத்தினர்.

ராஜா அவரை முறைத்தார். பிறகு காகிதம் வாங்கித் தம் மனுவைத் தாமே எழுதினார். திருமேனி ஒருவரே கையை விட்டார். வெள்ளை விழுந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அவரைத் தம் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

அடுத்து திவான் மனுவோடு வந்து நின்றார். ராஜாவும் திருமேனியும் கையை விட்டு எடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்தவை இரண்டு உருண்டைகள். இரண்டும் கறுப்பு.

திருமேனி எழுந்துபோய்த் திவானின் தோளைத் தட்டினார்.

"எங்களுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், திவான்ஜி. பெட்டிதான் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது."