மதகு மண்டபத்துக்குள் வந்த விதம்

குடவோலை எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த அந்தக் காலத்தில், வீரகேது என்றொரு மன்னன் இருந்தான். பட்டத்து யானைக்கு எந்த நிறத்தில் முகபடாம் தைப்பது என்று ஒரு வாரமாக அமைச்சர்களோடு ஆலோசித்துக்கொண்டிருந்தான்.

கீழேரி மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஆதன் அவையில் எழுந்தார். "மகாராசா, எங்க ஏரி மதகு இடிஞ்சு கெடக்கு. மழைக்கு இன்னும் இருபது நாளுதான். கரை ஒடஞ்சா ஊரே போயிரும்."

முதலமைச்சர் அனந்தகீர்த்தியின் முகம் சுருங்கியது. "மன்னா, எதை ஆலோசிப்பது என்பதை அமைச்சர்கள் அல்லவா முடிவு செய்ய வேண்டும்? இவரைத் தூண்டிவிட்டவன் விகடகவி கூத்தப்பன்தான்" என்றார். கூத்தப்பன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

மன்னன் யோசிக்காமல் ஆணையிட்டான்: "இனி இம்மண்டபத்துள் உறுப்பினரோ கூத்தப்பனோ மதகைப் பற்றி வாய் திறந்தால் நாடு கடத்தப்படுவர்!"

ஆதன் கண் கலங்க வெளியே வந்தார். கூத்தப்பன் அவர் தோளைத் தொட்டு, "மண்டபத்துக்குள்ளதானே பேசக்கூடாது? வாங்க, நாலு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றான்.

தளபதி தன் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். "கரை ஒடஞ்சு ஏரி வத்திப்போனா குதிரைக்குப் புல்லு ஏதுங்க?" என்றார் ஆதன். தளபதியின் கை அப்படியே நின்றது. அடுத்துக் கோயில் அதிகாரியிடம், "தைப்பூசத்துக்குத் தெப்பம் விடத் தண்ணி இருக்காதுங்களே" என்றார்.

கடைசியில் கூத்தப்பன் மட்டும் அனந்தகீர்த்தியின் வாசலில் போய் நின்றான். "ஐயா, நாளை தளபதி மதகு விஷயத்தை எடுத்துப் பேசி மன்னரிடம் பெயர் வாங்கப் போகிறார் போலிருக்கிறது. தங்கள் காதில் போட்டுவைத்தேன்."

மறுநாள் அவை கூடியது. தளபதி எழுவதற்குள் அனந்தகீர்த்தி துள்ளி எழுந்தார். "மன்னா, கீழேரி மதகைப் பற்றித்தான் இன்று முதலில் ஆலோசிக்க வேண்டும்!"

"நானும் அதையே சொல்ல வந்தேன்" என்றார் தளபதி. கோயில் அதிகாரியும் தலையாட்டினார்.

மன்னன் திகைத்துப் போனான். "கூத்தப்பா, என் ஆணையை மீறினாயா?"

"இல்லை மன்னா. மண்டபத்துள் நாங்கள் மூச்சே விடவில்லை. இவர்கள் வீட்டு வாசல்களில்தான் வாய் திறந்தோம்."

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டான். கொத்தர்கள் அன்றே கீழேரிக்குப் புறப்பட்டார்கள். பிறகு மன்னன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி, வெளியே காத்து நின்ற ஆதனிடம் தானே நடந்து போனான்.

"உமது ஊருக்கு வேறு என்ன குறை? உள்ளே வந்து சொல்லும்" என்றான்.